பெருக்குவதா, குறைப்பதா: வடசென்னையில் பிரீ-ஆம்ப்

பிரீ-ஆம்ப் என்பது ரெக்கார்டு, டேப், சிடியிலிருந்து வரும் மின்னலையைப் பவர் ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி தயார் செய்யும் பகுதி. இசைத்தட்டுக் காலத்தில் அது அலையைப் பெருக்கியே ஆக வேண்டியிருந்தது. மேக்னடிக் பிக்கப் தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அத்துடன், 1954-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்ஐஏஏ என்ற இசைத்தட்டுப் பதிவுத் தர அளவுப்படி, தட்டில் குறைத்துப் பதித்த கீழ்ச்சுருதிகளை மீண்டும் உயர்த்த வேண்டும்.

வடசென்னையில், வண்ணாரப்பேட்டைக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டி, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களால் 1960-களின் இறுதியில் உருவானது பர்மா பஜார். வெளிநாட்டு டேப்ரெக்கார்டர்கள் அங்கே விற்பனைக்கு வந்தன. நகரின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் டிரான்ஸ்பார்மரும் ஐசியும் வாங்கி மெக்கானிக்குகள் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்தார்கள். அவற்றில் பொருத்திய, பாஸ், டிரெபிள் குமிழ்கள் கொண்ட டோன் போர்டுகளில் அலையின் வலிமை குறையும். அதை ஈடுகட்டப் பெருக்கம், அதாவது ஆக்டிவ் பிரீ-ஆம்ப், தேவைப்பட்டது.

1982-இல் வந்த சிடி இந்தக் கணக்கை மாற்றியது. சிடி பிளேயர் சுமார் 2 வோல்ட் தருகிறது. பல பவர் ஆம்ப்ளிஃபயர்களுக்கு 1 வோல்ட் அளவே போதும். இனி குறைத்தால் போதும் என்றானது. ஒரு 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலும் ஒரு செலக்டர் ஸ்விட்சும் சேர்ந்ததே பாசிவ் பிரீ-ஆம்ப். அதற்கு மின்சாரம் வேண்டாம். இரைச்சலும் மிகக் குறைவு. ஆனால் வயர் நீண்டால் மேல்சுருதி மங்கும்.

சிறிய அறை, குட்டையான வயர், சிடி மட்டும் என்றால் பாசிவே சிறந்தது. மேக்னடிக் பிக்கப் கொண்ட ரெக்கார்டு பிளேயர் இருக்கும் வீட்டுக்கு, இசைத்தட்டுக்கான ஆக்டிவ் போனோ பிரீ-ஆம்ப் கட்டாயம்.