கோதாவில் கற்ற மருத்துவர்

நம் தோட்டங்களில் சிலம்பம் சொல்லிக் கொடுத்த ஆசான்களைப் பெரியவர்கள் அறிவார்கள். கம்பு சுழற்றியவரே சுளுக்கும் எடுப்பார், வீக்கத்துக்கு எண்ணெய் போட்டுக் கட்டும் போடுவார். அடிக்கும் கலையும் ஆற்றும் கலையும் ஓரிடத்தில் வளர்வது நமக்குப் புதிதல்ல. அதே வகையில் வளர்ந்த ஒரு கிரேக்க மருத்துவரைப் பற்றி இன்று பேசலாம்.

காலென் என்பது அவர் பெயர். இன்றைய துருக்கியிலுள்ள பெர்கமம் நகரில் கி.பி. 129-இல் பிறந்தார். ஸ்மிர்னா, கொரிந்து, அலெக்சாந்திரியா என்று ஊர் ஊராகப் போய்ப் படித்தார். கி.பி. 157-இல் ஊர் திரும்பியதும் கிடைத்த வேலை, கிளாடியேட்டர் என்ற வாள்வீரர்களுக்கு வைத்தியம் பார்ப்பது. அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். வாங்கியவனுக்கு அவர்கள் உடம்பு போட்ட முதல். அதைக் காக்கத்தான் மருத்துவர்.

மனித உடலை அறுத்துப் பார்க்க அக்காலத்தில் வழியில்லை. காலென் குரங்கையும் பன்றியையும் அறுத்துத்தான் கற்றார். ஆனால் கோதாவில் தொடை பிளந்து வந்தவனிடம் தசையும் நரம்பும் கண்ணெதிரே தெரிந்தன. வெட்டுண்ட தசையைத் தைத்தார். திராட்சை மதுவில் நனைத்த துணியால் புண்ணைக் காய விடாமல் காத்தார். அவ்வீரர்கள் அவரைக் கஞ்சியையும் வாற்கோதுமையையும் தின்று வாழ்வதைப் பார்த்து, அந்தச் சாப்பாட்டால் சதை இறுகாமல் தளர்கிறது என்றும் எழுதி வைத்தார்.

பின்னாளில் ரோமில் இருந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார்: எந்த அசைவு உடற்பயிற்சி? மூச்சை மாற்றும் அளவுக்குக் கடுமையான அசைவே பயிற்சி என்பது அவர் விடை. மல்யுத்தத்தோடு மண் வெட்டுவதையும் சுமை தூக்குவதையும் அவர் அதே பட்டியலில் சேர்த்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர் இதைக் கேட்டால் சிரிப்பார்! இன்றைய உடலியங்கியல் ஆய்வாளர்கள் ஓடுகிறவர் முகத்தில் மூடி பொருத்தி அளப்பதும் அந்த மூச்சைத்தான்.

அவர் சொன்னதெல்லாம் சரியல்ல. குரங்கில் கண்டதை மனிதனுக்கும் பொருத்தியதால் வந்த பிழைகள், 1543-இல் வெசாலியஸ் நூல் வரும் வரை நீடித்தன.

காலென் தாமும் மல் பழகியவர். 35-ஆம் வயதில் கோதாவில் தோள்பட்டை எலும்பு பிசகியது. பயிற்சி கொடுத்தவர் புயம் இறங்கிவிட்டதென்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தார். காலென் அக்குளில் விரல் வைத்துப் பார்த்து, அங்கே எலும்பு இல்லை என்று தடுத்தார். பிறகு இறுக்கிக் கட்டு போட்டுக்கொண்டு, சூடான எண்ணெய் விடாமல் ஊற்றச் சொல்லி, நாற்பது நாள் கிடந்தார்.