கழுவின படமும் கழுவாத படமும்

ஃபிலிம் காலத்தில் மயிலாப்பூர் ஸ்டுடியோவில் ‘ரோல் கழுவணும்’ என்று சொன்னால் போதும்; டெவலப்பர், ஹைப்போ, அலசல், உலர்த்தல் எல்லாம் அந்த ஒரு வினைக்குள் அடக்கம். இந்தியிலும் ரீலைக் கழுவத்தான் கொடுத்தார்கள்.

வினை பழையது. குறுந்தொகை 167இல் தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, அதைக் கழுவாமலே உடுத்திச் சமைக்கிறாள் தலைவி. புறநானூறு 34இல் ‘கழுவாய்’ என்றால் பிராயச்சித்தம். இருட்டறைக்கு இந்தப் பொருளும் பொருந்தும். அங்கே கழுவ வேண்டிய பாவம் ஹைப்போ.

ஜான் ஹெர்ஷல் 1819இல் ஆராய்ந்த உப்பு அது. வெள்ளி உப்புகளைக் கரைக்கும். 1839இல் படத்தை நிலைநிறுத்த அதையே எடுத்தார். அன்றைய பெயர் ஹைப்போசல்பைட். வேதியியல் பிறகு தயோசல்பேட் என்று திருத்திக்கொண்டது, இருட்டறை திருத்திக்கொள்ளவில்லை. பாடப்புத்தகத்தில் தயோசல்பேட் படித்த பையனும் ஸ்டுடியோவில் சேர்ந்ததும் ஹைப்போதான் கரைத்தான்.

ஒளி படாத வெள்ளி உப்பை நீக்கியதும் அதன் வேலை முடிந்தது. தாளிலேயே தங்கினால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தாக்கும், படம் மஞ்சளித்து வெளிறும். படங்கள் வெளிறுவதை ஆராய லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டி 1855இல் அமைத்த குழு இதைத்தான் முதற்காரணமாகச் சொன்னது. மறு ஆண்டே மதராஸிலும் ஒரு போட்டோகிராபிக் சொசைட்டி பிறந்தது. முன்னின்றவர் ஓவியப் பள்ளியின் அலெக்சாண்டர் ஹன்டர்.

ஹைப்போ முழுதும் போக, பிரிண்ட் போடும் சாதா ஃபைபர் தாளை ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது அலச வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கும் ஊரில் அப்படிக் குழாயைத் திறந்துவிட யாருக்கு மனம் வரும்? முழு வேலைக்கும் பெயர் கொடுத்த கட்டத்தில்தான் கை சுருங்கியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உப்புத் தண்ணீர் ஹைப்போவை நல்ல தண்ணீரைவிடச் சீக்கிரம் வெளியேற்றும். இரண்டாம் உலகப் போரில் கடல்நீரில் படம் அலசியவர்கள் கண்டது இது. சோடியம் சல்பைட் கலந்த ஹைப்போ கிளியர் என்ற அலசல் கரைசல் அதன் வழியில் வந்தது. பெசன்ட் நகர்க் கரையிலேயே முக்கால் வேலையை முடித்திருக்கலாம்! கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் உப்பே படத்தைக் கெடுக்கும்.

பிரிண்டின் வெள்ளை ஓரத்தில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசல் விட்டால் குட்டு வெளிப்படும். பழுப்புக் கறை விழுந்தால் ஹைப்போ பாக்கி.

வீட்டு ஆல்பத்தில் மஞ்சளித்த படம் இருந்தால் நீங்களே தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். பழைய ஜெலட்டின் உரிந்து வந்துவிடும். முதலில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்து ஸ்டுடியோ முத்திரையையும் சேர்த்து.