கிவ் வே (ஆங்கில மரபுத்தொடர்)

கிவ் வே என்பது, கொடுத்தல் என்றும் வழி என்றும் பொருள்படும் இரண்டு சிறு சொற்கள் கூடி, விட்டுக்கொடுத்தல் என்பதை மூலக்கருத்தாகக் கொண்டு, நெடுஞ்சாலையிலும் நடுக்கடலிலும் பாராளுமன்றத்திலும் வைத்தியசாலையிலும் வெவ்வேறு அர்த்தத்தோடு வழங்கிவரும் ஆங்கில மரபுத்தொடர். ஓரிடத்தில் அது சட்டம் விதிக்கும் கடமை; ஓரிடத்தில் சபை மரியாதை; மற்றோரிடத்தில் இடிந்து வீழ்தல்; படகு வலிப்பவர்களிடத்திலோ அதற்கு விட்டுக்கொடுத்தல் என்ற அர்த்தமே கிடையாது.

இந்த விசித்திரத்துக்குக் காரணம் ‘வே’ என்னும் சொல்லின் பூர்விகத்தில் இருக்கிறது. செல்லுதல், சுமந்து செல்லுதல் என்ற பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரொன்றிலிருந்து பிறந்தது அது. சம்ஸ்கிருதத்தின் ‘வஹ்’ என்னும் தாதுவும், அதிலிருந்து வந்து நம் அன்றாடப் பேச்சிலே குடிகொண்டுவிட்ட ‘வாகனம்’ என்ற சொல்லும் அந்த வேரின் வேறு கிளைகளே. ஆகவே ‘வே’ என்பது செல்லும் பாதையை மட்டுமன்றிச் செல்லும் செலவையும் குறிக்கும். நிலத்தில் வாழ்ந்தவர்கள் பாதை என்ற அர்த்தத்தையே பெரிதும் கைக்கொள்ள, கடலோடிகள் இயக்கம் என்ற அர்த்தத்தைக் கைவிடாமல் காப்பாற்றினார்கள். கப்பல் நீரைக் கிழித்துக்கொண்டு செல்லும் ஓட்டத்துக்கு அவர்கள் மொழியில் இன்றும் ‘வே’ என்றே பெயர். பிரிட்டிஷ் கடற்படைப் படகிலே, துடுப்புகளைப் பிடித்துக் காத்திருப்பவர்களை நோக்கித் தலைவன் ‘கிவ் வே டுகெதர்’ என்று ஆணையிட்டால், ஒதுங்குங்கள் என்பது பொருளன்று. எல்லோரும் சேர்ந்து வலியுங்கள், படகுக்கு ஓட்டம் கொடுங்கள் என்பதே பொருள். ஓட்டம் போதும் என்று தோன்றும்போது ‘வே இனஃப்’ என்பான். கரையிலே பழகிய ஒருவன் முதன்முதலாகப் படகேறி, இந்த ஆணையைக் கேட்டுத் துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டால் அவனைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

அதே கடலில், கப்பலும் கப்பலும் எதிர்ப்படுகையில், தொடர் தன் பழகிய பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. 1972-இல் வகுக்கப்பெற்று 1977 ஜூலை 15 முதல் அமலுக்கு வந்த சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, இரண்டு இயந்திரக் கப்பல்கள் ஒன்றையொன்று குறுக்கிடும்போது, மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காணும் கப்பலே ‘கிவ் வே’ கப்பல். அது காலம் தாழ்த்தாமல், எதிரே வருபவர் ஐயுறாதபடி தெளிவாக விலக வேண்டும். மற்றக் கப்பல் கதியும் திசையும் மாறாமல் செல்லவேண்டியது. முன்பு அமெரிக்க மாலுமிகள் இவ்விரண்டையும் சுமையுடையது, சலுகையுடையது என்று பெயரிட்டு அழைத்தனர். அப்பெயர்கள் வழக்கொழிந்தது நல்லதே என்று கூறலாம். ஏனெனில் விலகாமல் செல்வதும் ஒரு கடமையேயன்றிச் சலுகையன்று; விலகவேண்டிய கப்பலின் முயற்சியால் மட்டும் மோதலைத் தவிர்க்க இயலாது என்ற நிலை நேருமாயின், நேரே செல்லும் கப்பலும் தன்னால் இயன்றதைச் செய்தாக வேண்டும் என்று விதியே கூறுகிறது. இயந்திரக் கப்பல் பாய்க்கப்பலுக்கு விலகுகிறது; பாய்க்கப்பல் மீன்பிடிக்கும் கப்பலுக்கு விலகுகிறது; தன் கட்டுப்பாட்டை இழந்து தத்தளிக்கும் கப்பலுக்கு இவை யாவும் விலகுகின்றன.

சாலையில் இத்தொடர் பலகையேறியது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவில் ‘கிவ் வே’ என்னாது ‘யீல்ட்’ என்பார்கள். ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரப் போலீஸ் அதிகாரியான கிளின்டன் ரிக்ஸ் என்பவர் வகுத்த அப்பலகை, 1950-இல் அந்நகரில் விபத்து மிகுந்த ஒரு சந்திப்பிலே முதன்முதலாக நடப்பட்டது. அப்போது மஞ்சள் நிறத்தில் இருந்தது, 1971-இல் சிவப்பும் வெள்ளையுமாக மாறியது. பிரிட்டனில், வார்பாய்ஸ் தலைமையிலான குழு 1963-இல் அளித்த அறிக்கையையொட்டி 1965 முதல் புதிய சாலைக் குறிகள் ஏற்பட்டபோது, தலைகீழ் முக்கோணத்திலே ‘கிவ் வே’ என்ற எழுத்துகள் அமைந்தன. அடுத்த ஆண்டு நவம்பரில், வட்டச் சந்திப்பில் நுழைபவர் வலப்புறமிருந்து சுற்றிவருபவருக்கு வழிவிட வேண்டும் என்று விதி செய்யப்படும்வரை, நுழைபவரும் சுற்றுபவரும் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு யாருமே நகர இயலாமல் நிற்பது அந்நாட்டில் சகஜமாக இருந்தது. தலைகீழ் முக்கோணத்தை 1968-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் பல நாடுகளுக்கும் பொதுவாக்கிற்று. நம் நாட்டுச் சாலைக் குறியிலும் எழுத்தில்லாத அந்த முக்கோணமே காணப்படும். யார் யாருக்கு வழிவிடுவது என்பதில் மட்டும் தேசத்துக்கொரு நியாயம் உண்டு. நியூஸிலாந்தில் இடப்புறம் திரும்புபவர், எதிரே வந்து வலப்புறம் திரும்புபவருக்கு வழிவிட வேண்டும் என்றிருந்த விதி 2012 மார்ச் 25 அன்று நேர்மாறாக மாற்றப்பட்டது.

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இத்தொடருக்கு மிகவும் நாகரிகமான பிரயோகம் உண்டு. ஓர் உறுப்பினர் பேசிக்கொண்டிருக்கையில் மற்றொருவர் எழுந்து, மதிப்புக்குரிய உறுப்பினர் வழிவிடுவாரா என்று கேட்க, பேசுபவர் இசைந்தால் உட்கார்ந்துவிடுவார். குறுக்கீடு முடிந்தவுடன் மீண்டும் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இசைய வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. புதிய உறுப்பினரின் கன்னிப் பேச்சில் அவ்வாறு குறுக்கிடுவது வழக்கமுமில்லை. அந்தச் சபையை முன்மாதிரியாகக் கொண்ட நம் லோக சபையிலே, கூச்சலுக்கு நடுவே உறுப்பினர்கள் ‘நான் யீல்ட் செய்யவில்லை’ என்று அமெரிக்கச் சொல்லையே எடுத்தாளுவது ஒரு வேடிக்கை.

உயிரற்ற பொருள்களின் விஷயத்தில் இத்தொடர் மரியாதையெல்லாம் துறந்துவிடுகிறது. 1879 டிசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தில் தாமஸ் பௌச் வகுத்த டே நதிப் பாலத்தின் நடுப்பகுதி புயற்காற்றில் சரிந்து, அதன்மேல் சென்றுகொண்டிருந்த ரயில் ஒருவரும் உயிர் தப்பாதபடி நீரில் மூழ்கியதே, அதைப்போன்ற வீழ்ச்சியைக் கூறவும் ஆங்கிலேயர் பாலம் ‘கேவ் வே’ என்பார்கள். முழங்கால் மூட்டின் தசைநார் அறுந்த நோயாளி, நடக்கையில் கால் திடீரென்று மடங்கிவிடுகிறது என்று வைத்தியரிடம் முறையிடுவதும் இதே தொடரால்தான். நரம்பியல் வைத்தியர்களோ, பரிசோதிக்கும்போது முதலில் பலத்தோடு எதிர்த்துச் சட்டென்று தளர்ந்துவிடும் கையை ‘கிவ் வே’ பலவீனம் என்று தனியே குறித்து, நரம்பின் சிதைவால் வரும் பலவீனத்திலிருந்து அதை வேறுபடுத்திக் காண்பார்கள்.

இத்தனைக்கும் தமிழில் ஒரே சொல் அமையாதது குறையாகாது. கப்பல் விலகுகிறது, உறுப்பினர் இடந்தருகிறார், பாலம் இடிகிறது, கால் மடங்குகிறது. துயரத்துக்கு மனம் இடங்கொடுக்கிறது. ‘குளிர் வெயிலுக்கு வழிவிட்டது’ என்று பத்திரிகைகளில் காணும் நடை ஆங்கிலத்தின் நிழல். குளிர் போய் வெயில் வந்தது என்றாலே போதும். அகராதியை நம்பி வழிவிடுங்கள் என்று எங்கும் எழுதிச் செல்லும் மொழிபெயர்ப்பாளருக்கு, ஆங்கிலக் கடற்கதையில் தலைவன் ‘கிவ் வே’ என்று முழங்கும் கட்டத்தில்தான் சங்கடம் வரும். வழிவிட்ட படகு அடுத்த வாக்கியத்திலேயே எதிரியின் கப்பலை நோக்கிப் பாய்வதற்கு அவர் சமாதானம் தேடவேண்டியிருக்கும்.