மறைவுலகும் அதன் பெயர்களும்

'கைபு' என்னும் அறபுச் சொல்லை நாம் 'மறைவானது' என்று பெயர்க்கிறோம். கண்முன் இல்லாமை என்பதே அதன் வேர்ப்பொருள். எதிரில் இல்லாதவரை அறபியர் 'காயிப்' என்பர். இலக்கணத்தில் படர்க்கைக்கும் அதுவே பெயர். ஒருவர் இல்லாதவிடத்து அவரைப் பழிக்கும் 'கீபத்'தும் இவ்வேரில் பிறந்ததே. நம் தமிழும் அதனைப் புறங்கூறல் என்றே வழங்குகிறது.

ஒருபொருட் சொற்கள்போல் வழங்கும் பிறவோ முற்றும் ஒன்றல்ல. 'பாத்தின்' உட்புறத்தைக் குறிக்கும். வெளிப்படையான 'ளாஹிர்' அதன் எதிர்ச்சொல். 'பர்ஸக்' என்றால் தடுப்பு. திருமறையில் மூன்றிடங்களில் வரும் இச்சொல், ஈரிடங்களில் இரு கடல்களுக்கிடையேயுள்ள தடுப்பையும், ஓரிடத்தில் மரணத்திற்கும் எழுப்பப்படும் நாளுக்கும் இடைப்பட்டதையும் உணர்த்துகிறது. 'மலகூத்' பேராட்சியைச் சுட்டும்; 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, புலன்களுக்கு எட்டும் 'முல்க்' உலகுக்கு எதிரிணையாக இதனை விளக்கினார்.

ஆகவே 'கைபு' என்பது தொலைவிலுள்ள ஓர் ஊரின் பெயரன்று. நமது அறிவின் எல்லைக்கு அப்பாலுள்ளதன் பெயர். மறைவின் திறவுகோல்கள் இறைவனிடமே உள்ளன என அறிவிக்கிறது அல் அன்ஆம் அத்தியாயத்தின் 59ஆம் வசனம். பால்கிதாபு பார்த்து நாளை நடப்பதைச் சொல்வோம் என்பாரிடம் நம் இல்லத்தார் பொருளையும் நிம்மதியையும் இழக்குமுன், இச்சொல்லின் பொருளை நினைவிற் கொள்வது நலம்.