கடுங்குளிரும் கத்தியும்: உருக்கின் வரலாறு தரும் பாடம்

கடுங்குளிர் நிலத்தில் உயிர் பிழைக்க உதவும் கருவிகளுள் முதன்மையானது கத்தி. விறகைச் சீவி நெருப்பு மூட்டவும், கயிற்றையும் கூடாரத் துணியையும் அறுக்கவும், உறைந்த உணவை அரியவும் அது வேண்டும். ஆனால் வெப்ப நாட்டில் சிறந்து விளங்கும் கத்தி பனி நிலத்திலும் அவ்வாறே உழைக்கும் என்று சொல்ல முடியாது. கூர்மையையும் கடினத்தையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தால் அது முறிந்துபோகலாம். இக்கட்டுரை அதன் காரணத்தை இரும்பின் வரலாற்றின் வழியே விளக்குகிறது.

திருவண்ணாமலையில் மார்கழி விடியலில் சால்வை போர்த்திக் கிரிவலம் போவதே நாம் அறிந்த குளிர். எனினும் இம்மாவட்டத்திலிருந்தும் அண்டையிலுள்ள வேலூர் மாவட்டத்திலிருந்தும் படையில் சேர்ந்தவர் பலர். அவர்களுள் சியாச்சின் பனிமலையில் காவல் நின்றவர்களும் உண்டு. அங்கே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 50 பாகை செல்சியஸ் வரை இறங்குகிறது. ஆகவே இது நமக்குத் தொடர்பற்ற பொருள் அன்று.

புகழ்பெற்ற தென்னாட்டு உருக்கு

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. வில்லும் வாளும் ஏந்திய வீரர்கள் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளனர். அக்காலத்துக்கு முன்பே தமிழகத்தில் இரும்புத் தொழில் வேரூன்றியிருந்தது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பும் எஃகும் உருவாக்கிய உலைகளின் தடயங்கள் அகழாய்வில் வெளிப்பட்டன. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவள்ளூரில் மூசையில் எஃகு உருக்கியதன் எச்சங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990-களில் கண்டறிந்து வெளியிட்டார்.

செய்முறை எளிமையாகத் தோன்றினாலும் நுட்பமானது. தேனிரும்புத் துண்டுகளுடன் ஆவாரங்கட்டை போன்ற மரத்துண்டுகளையும் பச்சிலைகளையும் மண் மூசையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, உலையில் பல மணிநேரம் சூடாக்கினர். மரத்திலிருந்த கார்பன் இரும்பில் கலந்தது. கிடைத்த கட்டியில் கார்பன் அளவு பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு வரை இருந்தது.

'உருக்கு' அல்லது 'உக்கு' என்ற தென்னாட்டுச் சொல்லே ஆங்கிலேயர் வாயில் 'வூட்சு' எனத் திரிந்தது என்பது பொதுவான கருத்து. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகை ஆராய்ந்து லண்டன் அரச கழகத்தில் கட்டுரை அளித்தார். பின்னர் கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயும் இதை ஆராய்ந்தனர். கூர்மைக்கும் கூர் மழுங்காமைக்கும் இது பெயர் பெற்றது.

குளிரில் இரும்புக்கு என்ன நேர்கிறது?

இரும்பின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறுவதால்தான் அது முறியாமல் வளைகிறது. குளிர் மிகும்போது சாதாரண எஃகில் அந்த வழுக்கல் தடைப்படுகிறது. அப்போது அடி விழுந்தால் வளைவதற்குப் பதிலாக விரிசல் ஓடுகிறது. 1943 சனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் துறையில் நின்றிருந்த 'ஷெனெக்டடி' என்ற புதிய எண்ணெய்க் கப்பல் குளிர்ந்த இரவொன்றில் திடீரென இரண்டாகப் பிளந்தது. போர்க்கால 'லிபர்ட்டி' கப்பல்களிலும் இத்தகைய விரிசல்கள் தோன்றின. குளிரில் எஃகு நொறுங்கும் தன்மையை உலகம் விரிவாக ஆராய இவை தூண்டின.

கார்பன் கூடினால் எஃகு கடினமாகும். ஆனால் முறியாமல் தாங்கும் தன்மை குறையும். பாஸ்பரஸ் கலந்தால் குளிரில் நொறுங்கும் தன்மை மேலும் மிகும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்திலுள்ள பழைய டமாஸ்கஸ் வாள்களை ஆய்ந்தபோது கார்பன் மிகுதியோடு பாஸ்பரசும் இருப்பது தெரிந்தது. ஆகவே நாம் பெருமையோடு பேசும் உருக்கு, பனி நிலத்தில் விறகு பிளக்க ஏற்றதன்று. இது அந்த உருக்குக்கு இழுக்காகாது. அது பிறந்த நாட்டின் வெப்பத்துக்கும் வேலைக்கும் ஏற்றதாக இருந்தது.

பனி நாட்டார் தேர்ந்த கத்திகள்

வட கிரீன்லாந்தின் இனுவிட் மக்கள் விண்கல் இரும்பைக் கல்லால் தட்டிச் சிறு தகடுகளாக்கி, எலும்பிலும் தந்தத்திலும் பதித்துக் கத்தி செய்தனர். 1818-இல் அங்குச் சென்ற ஜான் ராஸ் இதைப் பதிவு செய்தார். இனுவிட் பெண்களின் 'உலு' பிறை வடிவக் கத்தி. அதன் பிடி அலகுக்கு மேலே இருப்பதால் உள்ளங்கையின் முழு விசையையும் கொடுத்து அரியலாம். பனிக்கட்டிகளை வெட்டிக் குடில் அமைக்க எலும்பாலும் தந்தத்தாலும் ஆன நீண்ட பனிக்கத்தியைக் கையாண்டனர்.

பின்லாந்தின் 'பூக்கோ' கத்தியின் வால் மரப்பிடிக்குள் மறைந்திருக்கும். உறைகுளிரில் வெறும் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இவ்வமைப்பு பயன் தருகிறது. சைபீரியாவின் யாகூத் மக்கள் அலகை மிகக் கடினமாக்காமல் விடுவர். அது விரைவில் மழுங்கினாலும் முறியாது, வெளியிலேயே தீட்டிக்கொள்ளலாம்.

நம் பட்டறையில் உள்ள விடை

நேபாளத்துக் கொல்லர்கள் குக்ரி கத்தியைப் பெரும்பாலும் பழைய வண்டிகளின் ஸ்பிரிங் தகட்டிலிருந்து அடிக்கின்றனர். பழுக்கக் காய்ந்த அலகின் வாய்ப்பகுதியில் மட்டும் கெண்டியிலிருந்து நீர் ஊற்றுவர். வாய் கடினமாகும், முதுகு மென்மையாக நின்று அடியைத் தாங்கும். நம் கொல்லுப்பட்டறைகளிலும் லாரி ஸ்பிரிங் தகட்டில் அரிவாள் அடித்துத் தோய்ச்சல் கொடுக்கின்றனர். அந்த எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடுதான். வாரச்சந்தையில் கிடைக்கும் நல்ல அரிவாள், அருங்காட்சியக வாளைவிடப் பனிக்கு நெருங்கிய உறவினன்.

தேர்வில் கருத வேண்டியவை

கார்பன் அளவு நடுத்தரமாக இருக்க வேண்டும். அலகு தடித்தும் வாய் மிக மெலியாமலும் இருக்க வேண்டும்; உறைந்த மரம் மெல்லிய வாயைச் சிதைத்துவிடும். மடக்குக் கத்தியின் மூட்டில் ஈரம் உறையும், மசகு இறுகும். ஆகவே மடங்காத கத்தியே நன்று. பிடி மரமாகவோ ரப்பராகவோ, கையுறையோடு பற்றும் அளவு பருமனாகவோ இருத்தல் நலம். கடின வேலைக்கு முன் கத்தியைச் சட்டைக்குள் வைத்துக் குளிரைத் தணித்துக்கொள்ளலாம். குளிர்ந்த கத்தி சூடான கூடாரத்துக்குள் வந்தால் அதில் நீர் படியும். துடைத்த பின்னரே உறையிலிட வேண்டும்.

கத்தியின் எல்லையையும் அறிதல் வேண்டும். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் மதராஸ் படைப்பிரிவின் வீரர் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தனர். தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பாறைபோல் இறுகிய பனியைத் துளைக்கருவிகளாலும் மின்வாள்களாலும் அறுத்தே மீட்புக் குழு உள்ளே சென்றது. உயிருடன் மீட்கப்பட்ட ஒருவரும் பிப்ரவரி 11 அன்று மறைந்தார். அத்தகைய இடத்தில் கத்தி ஒரு சிறு துணை மட்டுமே. அந்தச் சிறு துணையும் வேண்டிய நேரத்தில் முறிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு தேர்வும்.