டிராக்டர் வாங்கும் முன் ஒரு வரலாற்றுப் பாடம்



பழைய மாணவன் ஒருவன் நேற்று போன் செய்தான். நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கி உழவுக்கு டிராக்டர் எடுக்கப் போகிறானாம். "சார், விலை குறைஞ்சதை எடுக்கவா, இழுவை அதிகமுள்ளதை எடுக்கவா?" என்றான்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி இருந்தார். 'ஃபோர்டு' என்ற பெயரை நம்பி ஒரு டிராக்டர் வாங்கினார். அது ஹென்றி ஃபோர்டு செய்ததல்ல. வேறொரு கம்பெனி, ஃபோர்டு என்ற பெயருள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பெயரில் விற்றது. வயலில் அது உதவவில்லை. அடுத்து வாங்கியதும் ஏமாற்றியது. மூன்றாவது, ரம்லி டிராக்டர். மூன்று கலப்பை இழுக்கும் என்று விற்றார்கள், ஐந்தை இழுத்தது!

விற்பவர் சொல்வது வேறு, வயலில் இழுப்பது வேறு என்று அவருக்குப் புரிந்தது. சட்டமன்ற உறுப்பினரானதும் 1919இல் சட்டம் கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் சோதிக்காத டிராக்டரை அங்கே விற்கக் கூடாது. உதிரி பாகங்களும் மாநிலத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். 1920இல் சோதனை தொடங்கியது.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் சோதனை நிலையம் இருக்கிறது. அதன் அறிக்கையில் எஞ்சின் ஹெச்.பி. தனியாகவும், பின்னால் இழுக்கும் திறன் தனியாகவும் இருக்கும். டீசல் செலவும் இருக்கும்.

"தம்பி, விலையைக் கேட்பதற்கு முன் அந்த அறிக்கையைக் கேள். பக்கத்தில் உதிரி பாகம் கிடைக்குமா என்றும் பார்" என்றேன்.

குரோசியர் மூன்று டிராக்டர் வாங்கிக் கற்றுக்கொண்டார். நமக்கு ஒன்று வாங்கவே கடன் வேண்டியிருக்கிறது.