1940-இல் நின்றுபோன வாடகை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பம்பாயில் வாடகை வீடு கிடைப்பது அரிதாயிற்று. குடியிருப்போரைக் காக்க 1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1940 செப்டம்பர் முதல் நாளன்று வாடகைக்கு விடப்பட்டிருந்த வீடுகளுக்கு அன்றைய தொகையே உரிய வாடகை என அது வரையறுத்தது. தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட அச்சட்டம், பலமுறை நீட்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டு நிலைத்தது.

கிர்காவ், பரேல் பகுதிகளின் சால்களில் எழுத்தர்களும் ஆலைத்தொழிலாளர்களும் தலைமுறைகளாக வெளியேற்றப்படாமல் வாழ அதுவே அரணாயிற்று. ஆயினும் அச்சொற்ப வாடகையைக் கொண்டு கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளர்கள் முன்வரவில்லை. 1969-இல் அரசே பழுதுபார்ப்பு வாரியத்துக்கெனச் சட்டம் இயற்றி, பழைய கட்டடங்கள்மீது செஸ் வரி விதிக்க நேர்ந்தது. புதிதாக வீடு தேடியவர்களுக்கோ அச்சட்டம் துணைநிற்கவில்லை. தலைப்பாகையைக் குறிக்கும் ‘பக்டி’ என்னும் சொல், கணக்கில் வராமல் கைமாறிய பெருந்தொகைக்குப் பெயராயிற்று.

வாடகையை உறையச்செய்த விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன என 1997-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2000-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு வாடகை உயர்வை அனுமதித்தது. பக்டிக்கும் சட்ட ஏற்பு அளித்தது.

குடியிருந்தவரைக் காத்த பழைய சட்டம், அவர் சாய்ந்திருந்த சுவரையும் வாசலில் காத்துநின்றவரையும் காக்கத் தவறியது. வீட்டுவசதிச் சட்டம் எதுவாயினும் இம்மூன்றையும் வைத்தே எடைபோடத்தக்கது.